ஒரு வாய் உப்பு

“ஏங்க, உப்பு உள்ளே போச்சா?”

“நானே இன்னும் உள்ளே போகலை. போனை வையி!”

குற்றாலலிங்கம் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் திணித்தார். திருவனந்தபுரம் விமான நிலையத்தின் முதல் வகுப்பு லவுஞ்சு வாசலில் அவர் நிற்பது இதுதான் முதல் தடவை. கையில் பெங்களூருக்கு ஒரு டிக்கெட். பெங்களூரில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது.

வேலையெல்லாம் உள்ளே சோபாவில் உட்கார்ந்திருக்கும் வீரபாண்டியிடம்தான்.

நேற்றுதான் வீரபாண்டி மும்பையிலிருந்து இங்கே கரமனையில் இருக்கும் வீட்டுக்கு வந்து, குற்றாலலிங்கத்தின் மகள் திவ்யலட்சுமியைத் தன் மகன் அனந்துக்காகப் பார்த்துவிட்டுப் போனார். பெண் பிடித்ததா இல்லையா என்று அந்த முகத்திலிருந்து ஒன்றும் பிடுங்க முடியவில்லை. சரியான அழுத்தக்காரர். மனைவி பொன்னம்மை விடியற்காலையிலிருந்து அடுப்படியில் வெந்து செய்த பதினோரு பலகாரத்தில் ஒன்றைக்கூடத் தொடாமல், ஒரு தம்ளர் தண்ணீரோடு எழுந்துவிட்டார்.

அது லேசுப்பட்ட விஷயமில்லை. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து மூன்று தலைமுறை ஆகியும் இரண்டு குடும்பமும் விடாத வழக்கம் அது: சம்பந்தம் பிடிக்காவிட்டால் கை நனைக்க மாட்டார்கள். தண்ணீர் சேர்த்தியில்லை, காப்பியும் சேர்த்தியில்லை. ஆனால் உப்புப் போட்ட பண்டம் ஒரே ஒரு வாய், எதிர்த் தரப்பின் செலவில் உள்ளே போய்விட்டால் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் பேச்சு மாறினால் ஊரே காறித் துப்பும்.

இருபத்தொன்பது வயதுத் திவ்யலட்சுமி, பதினான்கு பையன்களைத் தள்ளிவிட்டு, முதல் தடவையாக “இந்த ஆள் கொள்ளாம்ப்பா” என்று வாய் திறந்திருந்தாள். வீரபாண்டியோ நாகர்கோவில் பெண் ஒருத்தியின் ஜாதகத்தையும் பையில் வைத்திருந்தார். “மும்பை போய் இறங்கி முடிவு சொல்லுதேன்” என்றார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “நாளைக்குப் பதினொண்ணரைக்கு பிளைட்டு. அதுவரைக்கும் லவுஞ்சுலதான் கிடப்பேன்” என்றும் சொன்னார்.

“அட, நானும் நாளைக்கு பெங்களூரு போறேன் அண்ணாச்சி! அங்கேயே பாப்போம்!” குற்றாலலிங்கத்தின் வாய் அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

வாய் விட்ட பிறகுதான் டிக்கெட் போட்டார். மிச்சத் திட்டம் பொன்னம்மையுடையது. “லவுஞ்சுல உங்க கார்டைத் தேச்சு அவரைச் சாப்பிட வச்சிட்டா, அது நம்ம வீட்டுச் சாப்பாடுதானே?” இப்படி ஒரு வக்கீல் மூளை முப்பது வருஷமாகத் தன் வீட்டு அடுப்படியில் இருந்தது அவருக்கே அப்போதுதான் தெரியும்.

வரவேற்பு மேஜையில் நீது என்று பெயர் குத்திய பெண் சிரித்தாள்.

“எனக்கும், உள்ளே இருக்காரே வீரபாண்டி, அவருக்கும் சேத்து இதுல தேச்சிரும்மா.”

நீது அவருடைய போர்டிங் பாஸைப் பார்த்தாள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கார்டை அப்படியே திருப்பிக் கொடுத்தாள்.

“எல்லாம் செரியாக்கியிருக்கு சார். உள்ளே போய்க்கோங்க.”

பேங்கிலிருந்து வழக்கமாக வரும் மெசேஜ் வரவில்லை. பெரிய இடத்தில் மெசேஜ்கூட நிதானமாகத்தான் வரும் போல என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனார்.

“வாங்க அண்ணாச்சி!” என்றார் வீரபாண்டி.

எதிர் சோபாவில் உட்கார்ந்ததும் அது குற்றாலலிங்கத்தை இடுப்பு வரை விழுங்கியது. முழங்கால் இரண்டும் மூக்குக்கு நேரே வந்து நின்றன. தட்டு வைத்து விளம்ப ஆள் வருமென்று சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் வரவில்லை. அவரவர் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவரவரே அள்ளிக்கொள்ள வேண்டுமாம். இதுக்குப் பேர் முதல் வகுப்பா? பந்தி விசாரிக்க நாதியில்லாத இடம்!

கஷ்டப்பட்டு எழுந்து போய் இரண்டு உளுந்த வடை, ஒரு மசால் தோசை, சாம்பார் எல்லாம் வைத்து எடுத்து வந்து வீரபாண்டி முன்னால் நீட்டினார்.

“இப்பத்தான் ஓட்டல்ல முடிச்சுட்டு வந்தேன். நீங்க சாப்பிடுங்க.”

“நான் வீட்டுல எட்டு தோசை சாப்பிட்டாச்சு அண்ணாச்சி.”

“எடுத்ததை அப்பிடியே போடலாமா? அன்னம்லா!”

குற்றாலலிங்கம் தின்றார்.

“வடை எப்படி?” வீரபாண்டி ஆவலாகக் கேட்டார்.

ஆகா, மீன் தூண்டிலை மோப்பம் பிடிக்கிறது! “உள்ளே பஞ்சு, வெளியே மொறுமொறு! ஒண்ணு எடுத்துட்டு வரட்டா?”

“வேண்டாம் வேண்டாம். அவ்வளவு நல்லா இருந்தா நீங்க இன்னொண்ணு சாப்பிடுங்க.”

கைப்பேசி அடித்தது. “ஏங்க, உப்பு...”

“இல்லை!”

அடுத்தது வெண்பொங்கல். வீரபாண்டிக்கு நெய் ஆகாதாம். “ஆனா வாசனை ஆளைத் தூக்குது. ருசி எப்படின்னு சொல்லுங்களேன்” என்றார். தின்னாமல் ருசி எப்படிச் சொல்வது? தின்றார். அந்தப் பக்கம் போன நீது காலித் தட்டை எடுத்துக்கொண்டு, காரணமில்லாமல் வீரபாண்டியைப் பார்த்துச் சிரித்தாள்.

குற்றாலலிங்கத்துக்குப் பெல்ட் இறுகியது. மணி பத்தரை. பழம் என்றால் எவனும் மறுக்க மாட்டான். தர்பூசணித் துண்டுகளைத் தட்டில் அடுக்கினார். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, இரண்டு உப்புப் பொட்டலங்களைக் கிழித்துத் தூவினார்.

வீரபாண்டி ஒரு துண்டைக் குச்சியில் குத்தி உயர்த்தினார். குற்றாலலிங்கம் தானும் வாயைப் பிளந்தார்.

“மேல என்ன வெள்ளையா இருக்கு?”

“சீனி!”

“அடடா, எனக்கு சுகர்லா இருக்கு.”

“இல்லை இல்லை, உப்புதான் அண்ணாச்சி!”

“பிரஷரும் உண்டு.”

குச்சியோடு துண்டு குற்றாலலிங்கத்தின் கைக்கு வந்தது. பின்னாலேயே தட்டும் வந்தது.

பிறகு உப்புப் போட்ட எலுமிச்சம்பழ ஜூஸ் வந்தது. வீரபாண்டிக்குத் தொண்டை கட்டுமாம். அதையும் குற்றாலலிங்கமே குடித்தார். இந்த மனுஷனுக்கு உடம்பில் நோய் இல்லாத ஒரு அங்குலம் உண்டா? இந்த ஆஸ்பத்திரியையா என் பிள்ளை மாமனாராகக் கட்டி அழப்போகிறாள்? எரிச்சல் ஏப்பமாக வந்தது.

கடைசி அஸ்திரமாக, வறுத்த உப்பு முந்திரியைத் தட்டு நிறையக் கொண்டுவந்து, வீரபாண்டியின் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, பார்க்காதவர் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேச்சு வாக்கில் யாருடைய கையும் முந்திரிக்குத் தானாகப் போகும்.

வீரபாண்டியின் கை போயிற்று. ஒரு முந்திரியை எடுத்தது. உயர்ந்தது.

“இந்தாங்க அண்ணாச்சி. என் கையால ஒண்ணு.”

கையால் கொடுப்பதை எப்படி மறுப்பது? வாங்கி வாயில் போட்டார். ஒன்று போனபின் ஆத்திரத்தில் தட்டு முழுக்க அவரே காலி செய்தார்.

பத்து ஐம்பதுக்கு நீது வந்தாள். “மும்பை போர்டிங் தொடங்கியாச்சு சார்” என்றாள். குனிந்து வீரபாண்டியின் காதில் இன்னும் என்னவோ சொன்னாள்.

நேற்றிலிருந்து கல்லாக இருந்த அந்த முகத்தில் முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது. வீரபாண்டி எழுந்து இரண்டு கையையும் கூப்பினார். “வாறேன் அண்ணாச்சி. ரொம்ப சந்தோஷம்! ரொம்ப ரொம்ப சந்தோஷம்!”

பையை உருட்டிக்கொண்டு போயேவிட்டார். தப்பித்துப் போகிறவனின் சந்தோஷம் என்று குற்றாலலிங்கம் பல்லைக் கடித்தார். திவ்யலட்சுமியிடம் என்ன சொல்வது? ஒரு வடைக்குக்கூட வழி பண்ண முடியாத அப்பன் என்றா?

கைப்பேசி அடித்தது.

“ஏங்க, உப்பு போச்சா?”

“போச்சு.”

“முருகா! அப்பாடா!”

“என் வயித்துக்குள்ளே போச்சு பொன்னம்மை! மூக்கு வரைக்கும் நிக்குது. அந்த ஆளு பல் குத்தக்கூட இங்க எதையும் தொடலை. நாகர்கோவில்காரிக்குத்தான் யோகம். வை போனை!”

சோபாவோடு மல்லுக்கட்டி எழுந்து, வயிற்றைத் தாங்கிக்கொண்டு வரவேற்பு மேஜைக்கு வந்தார். பெங்களூர் விமானம் எங்கே போனால் அவருக்கென்ன? கார்டை எடுத்து மேஜையில் அடித்தார்.

“இந்தா பாரும்மா, அந்த வீரபாண்டிக்குன்னு இதுல எடுத்ததைத் திருப்பிப் போடு. அந்த மனுஷன் ஒண்ணுமே சாப்பிடலை!”

நீது கார்டைத் தொடாமல் அவரையே பார்த்துச் சிரித்தாள்.

“அதுக்கு சார் கார்டை நான் தேய்க்கவே இல்லையே! அந்த சார்தான் காலையிலேயே ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பணம் கட்டிட்டு, ‘குற்றாலலிங்கம்னு ஒருத்தர் வருவாரு, பெரிய அழுத்தக்காரர், வாயைத் திறந்து சம்மதம்னு சொல்ல மாட்டாரு, நான் கிளம்புற வரைக்கும் ஒண்ணும் சொல்லிராதே, உப்புள்ளது ஏதும் சாப்பிட்டாரான்னு மட்டும் என் காதுல வந்து சொல்லு’ன்னாரு. நாலு பிளேட், ஒரு கிளாஸ்னு சொல்லிட்டேன் சார்!”