சீனத்து எழுத்தும் நாகலெட்சுமியின் வாயும்

மாரியம்மன் துணை.

போலந்து தேசத்தில் ரொட்டிக் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகன் வயிற்றுப் பேத்தி லோஜினிக்கு, நோர்வூட்டுக்கு மேலே தேயிலைத் தோட்டத்து ஆறாம் நம்பர் லயத்திலிருந்து அப்பாயி காளியாயி எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். அங்கே நீயும் உன்னோடு தங்கியிருக்கும் பிள்ளைகளும் சுகமாக இருக்க அந்தத் தாய் பார்த்துக்கொள்வாள். போனில் பேசினால் உன் முகத்தைப் பார்த்து மனசு இளகிவிடும் என்றுதான் என் மூன்றாம் வகுப்பு எழுத்தில் இதை எழுதுகிறேன். உன் அப்பன் செல்லசாமி படம் பிடித்து அனுப்புவான். சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ கட்டிக்கொள்ள ஆசைப்படும் கிஷாந்த் நல்ல பையன்தான். ஆனால் அவன் நாகலெட்சுமியின் பேரன். இந்தக் கல்யாணத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

காரணம் உனக்குத் தெரியாது, நீ அப்போது பிறக்கவில்லை. தொண்ணூற்று மூன்றாம் வருசம் ஐப்பசி மாதம், உன் தாத்தாவின் கருமாதி அன்று, அழுத கண்ணோடு நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியை நாகலெட்சுமி ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள். வைத்தது போதாதென்று பக்கத்தில் இருந்தவளிடம், "தேயிலைய சுடுதண்ணிக்கு காட்டிட்டு எடுத்துட்டாங்க போல" என்றாள். அன்றைக்கு அவள் கட்டியிருந்தது பச்சைச் சேலை, அதில் முந்தானை ஓரம் தீய்ந்திருந்தது. அதிலிருந்து முப்பத்திரண்டு வருசமாக அவள் வீட்டில் நானும் என் வீட்டில் அவளும் ஒரு சொட்டுத் தண்ணி குடித்ததில்லை. ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தோம், அட்டை கடித்தால் ஒருத்திக்கு ஒருத்தி உப்பு கொடுத்தோம், அது வேறு.

போன ஞாயிற்றுக்கிழமை அவளும் அவள் மகன் சின்னராசாவும் பழத்தட்டோடு உன்னைப் பெண் கேட்டு வந்தார்கள். பேச்சு முடிவாகாமல் பெண் வீட்டில் வாய் நனைக்கக் கூடாது என்பது நம் வழக்கம், அதனால் ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆடை கட்டிக்கொண்டு அப்படியே இருந்தது, சும்மா இருக்கத் தெரியாத உன் அப்பன் தேயிலையின் பேரைப் பற்றி நீ போனில் பேசி அனுப்பியதைப் போட்டுக் காட்டினான். சீனாவில் தேயிலைக்கு ஒரே எழுத்துதான், ஒரு துறைமுகத்துச் சனம் அதைத் தே என்று வாசித்தது, மற்ற இடங்களில் சா என்று வாசித்தார்கள், ஒல்லாந்தர் தே பக்கம் கப்பலைக் கட்டியதால் ஒல்லாந்து, இங்கிலாந்து, ஜெர்மனி, பிரான்சு எல்லாம் தே ஆகிவிட்டது, தரைவழியாகப் போனதால் ருசியாவும் ருமேனியாவும் சாய் என்கின்றன, உங்கள் போலந்துக்காரர்கள் மட்டும் மூலிகை என்ற சொல்லையும் தேயையும் ஒட்டவைத்து ஹெர்பாத்தா என்கிறார்கள் என்றெல்லாம் நீ அழகாகத்தான் சொன்னாய்.

நாகலெட்சுமிக்கு வாய் வந்துவிட்டது. "அப்ப எங்க பேரன் இருக்கிற ருமேனியாக்காரங்கதான் சரியா சொல்றாங்க. சீனாவுலயே முக்காவாசிப் பேரு சா-ன்னுதானே சொல்றாங்களாம்."

"நம்ம நாட்டுக்கு வந்தது கப்பல்ல வந்தது. ஒன் வாயில தேத்தண்ணின்னுதானே வருது, சாத்தண்ணின்னா வருது?" என்றேன்.

"ஒன் பேத்தி ஊருல அதுக்கு மருந்துன்னுல்ல பேரு. சீக்காளிக்கு குடுக்கிறாப்ல."

"மருந்துதான். சில பேரு வாய்க்கு அது தேவைப்படுது."

கொழும்புத் துறைமுகத்தையே பார்க்காத நாங்கள் இரண்டு பேரும் அரை மணி நேரம் ஐரோப்பாவைப் பங்கு போட்டோம், அடுப்பில் பால் பொங்கி நெருப்பை அணைத்தது, "அம்மா, நாம கல்யாணம் பேச வந்தோம்" என்று சின்னராசா கெஞ்சினான், அதைக் கேட்டுப் பதறிய உன் அப்பன் போனை நிறுத்துகிறேன் என்று எதையோ அமுக்க, நீ அடுத்தபடி பேசி அனுப்பியது சத்தமாக ஓடியது: "அப்பா, கிஷாந்த் விசயத்த அப்பாயிகிட்ட மெதுவா சொல்லுங்க. அது வீம்பு புடிச்ச கெழவி."

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நாகலெட்சுமி மட்டும் சிரித்தாள். "எங்க பேரனும் என்னைய அப்படித்தான் சொல்றான்" என்றாள். பிறகு தன் விரல்களைப் பார்த்தபடி கேட்டாள்: "ஏன் காளியாயி, தேத்தண்ணிக்கு இத்தன பேரு வச்சிருக்கானுங்களே, கொழுந்துக்கு ஒருத்தனும் ஒரு பேரும் வைக்கலியா?"

"அவனுங்க அத செடியில பார்த்திருந்தாத்தானே" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன் என்று நினைக்கிறேன். ஆனால் தொண்ணூற்று மூன்றாம் வருசத்துப் பேச்சுக்கு அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தட்டை வைத்துவிட்டு, குவளையைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள். ஆகையால் என் முடிவில் மாற்றமில்லை. அந்தப் பையனை மறந்துவிட்டு வேலையைப் பார். பனிக்குக் காதை மூடிக்கொள். கிழவி என்று சொன்னதை நான் மறக்கப் போவதில்லை, ஆனாலும் நீ கைகால் சுகத்தோடு, நினைத்ததெல்லாம் நடந்து, நூறு வருசம் இருக்க வேண்டும் ஆத்தா.

இப்படிக்கு,
உன் அப்பாயி காளியாயி

பின்குறிப்பு: இதை எழுதி மூன்று நாளாகிறது. போனில் டேட்டா இல்லை என்று உன் அப்பன் இன்னும் அனுப்பவில்லை. நேற்று அவர்கள் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், வெறுந்தட்டாகக் கொடுக்கக் கூடாதே என்று கொஞ்சம் பச்சரிசி வைத்துக்கொண்டு போனேன். நாகலெட்சுமி என்னை வாசலிலேயே நிறுத்தவில்லை. "உள்ள வா. கருமாதி அன்னைக்கி ஒன் வீட்டுல இருந்தது ஒரு பிடி தேயிலை, நாப்பது பேருக்கு ஊத்துன. தெரிஞ்சேதான் அப்படி சொன்னேன். புத்தி கெட்டுப் போச்சு" என்றாள். பிறகு குவளையை நீட்டினாள். முழுவதும் குடித்தேன். தையில் நாள் பார்க்கச் சொல்லியாகிவிட்டது, நீயும் கிஷாந்தும் இப்போதே லீவு கேட்டுவிடுங்கள். மேலே எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை, நல்ல தாள், நீ அதைப் படிக்காமல் விட்டுவிடு. அவள் தேத்தண்ணியில் சீனி குறைவு. நான் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணம் முடியட்டும்.