இடியரசிக்குப் பரிசம் போட்ட பஸ்

மலேசியாவில், கெடா மாநிலத்திலேயே பிரேக்கை மிதித்துக் கதை சொன்ன ஒரே மனுஷி எங்கள் பஸ் அக்காதான். கதையில் வில்லன் கதவை உடைத்தால் ஒரு பிரேக். கதாநாயகி மேகத்திலிருந்து குதித்தால் இன்னும் பலமாக ஒரு பிரேக். முன்சீட்டில் நெற்றி வீங்காத ஆளே கிடையாது.

ஜித்ராவிலிருந்து குருண் கையுறைத் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ் அது. ஏறுகிறவர்கள் பெரும்பாலும் என்னைப்போலப் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வேலைக்கு வந்தவர்கள். நாங்கள் தூங்கி வழிந்தால் அக்காவுக்குப் பிடிக்காது. அதற்காகவே தினமும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு தொடர்கதை சொல்லுவார். நாயகி இடியரசி, எங்கள் வயசுதான், இடியை வெறுங்கையால் பிடிப்பவள். ஜெராய் மலை உச்சியில் வில்லன். அவளுக்குத் துணையாகப் புகையாக மாறும் புகையன் என்ற பையன். லீவு போட்டால் கதை விட்டுப்போகும் என்று காய்ச்சலோடு வேலைக்கு வந்தவர்களும் உண்டு. எங்கள் சூப்பர்வைசர் இதையெல்லாம் தன்னுடைய திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

கதை வளர வளர, பஸ்ஸுக்கு ஓர் ஆசை முளைத்துவிட்டது. இடியரசிக்கும் புகையனுக்கும் கல்யாணம் நடக்க வேண்டும். அக்காவிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், பின்சீட்டுப் பையன்கள் மாப்பிள்ளை வீட்டாராகி, ஒரு காலையில் நிஜமாகவே பரிசத் தட்டோடு ஏறிவிட்டார்கள். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பாசார் கடையில் வாங்கிய சேலை! முன்சீட்டுப் பெண்கள் பெண் வீட்டாராம். தட்டு கியருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அலோர் ஸ்டார் ஊரிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. எனக்கோ யார் மீதும் அப்படியொரு நினைப்பே வந்ததில்லை. உடம்பில் ஏதோ கோளாறு என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன். புகையன் எத்தனை தடவை கைகொடுத்துத் தூக்கினாலும் வெட்கப்படாத இடியரசி ஒருத்திதான் எனக்குத் துணை. அவளையும் கட்டிக்கொடுத்துவிடுவார்களோ என்று அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா பஸ்ஸை ஓரங்கட்டினார். தட்டிலிருந்த பழம் ஒன்றை உரித்து நிதானமாகத் தின்றார்.

“எல்லாம் சரி லா. பொண்ண யாராச்சும் கேட்டீங்களா?”

“நீங்களே கேட்டுச் சொல்லுங்கக்கா.”

“கேட்டுட்டேன். புகையன் நல்ல கூட்டாளியாம், அவனுக்காக உசுரையே குடுப்பாளாம். ஆனா காதலு, கட்டிப்புடிக்கிறது, அந்த ஆசையெல்லாம் அவளுக்கு யார் மேலயும் வந்ததே இல்லயாம்.”

பஸ்ஸே அதிர்ந்தது. “வில்லன் ஏதும் மந்திரம் வெச்சிட்டானாக்கா?” என்றான் ஒருவன். “இல்ல லா, அதான் அவளோட பவரு!” என்றாள் ஒருத்தி.

“மந்திரமும் இல்ல, பவரும் இல்ல. எனக்கு டுரியான் பழம் புடிக்காது, அதுக்காக ஆஸ்பத்திரிக்கா ஓடுறேன்? அவ அப்படித்தான். சேலைய கடையில திருப்பிக் குடுத்துடுங்க.”

அன்று மாலை, “எனக்கும் யார் மேலயும் அந்த ஆசை வந்ததே இல்ல, நான் அப்படித்தான்” என்று அதே வசனத்தை அம்மாவிடம் ஒப்பித்தேன்.

“இதெல்லாம் எங்கடி கத்துக்கிட்ட?”

“பஸ்ஸுல.”

மறுநாள் அம்மா கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு, சண்டை போடப் பஸ்ஸில் ஏறிவிட்டார். அக்கா அசரவில்லை. “உக்காருங்கக்கா, நேரமாவுது” என்று முன்சீட்டைக் காட்டிவிட்டுக் கதையை ஆரம்பித்தார். அன்றைக்கென்று பெரிய போர். வில்லன் புகையனைப் பாட்டிலில் அடைத்துவிட்டான். இடியரசி மலையைப் பிளந்து அவனை மீட்டாள். பிறகு இருவரும் கைகுலுக்கிவிட்டு அவரவர் வீட்டுக்குப் பறந்தார்கள். அம்மா சண்டையை மறந்து, வீங்கிய நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார்.

குருண் வந்ததும் கேட்டார்: “ஏம்மா டிரைவரு, அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் தனியாவா கெடக்கும்?”

அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“தனியா எங்கக்கா? ஒரு பஸ்ஸு ஆளுங்க இருக்கோமே.”

நாங்கள் இறங்கிய பிறகு, அம்மா அதே காலி பஸ்ஸில் ஜித்ராவுக்குத் திரும்பினார். வழியில் இருவரும் என்ன பேசினார்களோ, எனக்குத் தெரியாது. மத்தியானமே அலோர் ஸ்டாருக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எனக்கு இன்றுவரை காதல் வரவில்லை. ஆனால் இந்த உலகத்தில் யாரை ரொம்பப் பிடிக்கும் என்று கேட்டால், யோசிக்காமல் பஸ் அக்கா என்பேன்.