பக்கத்தில் எதை நடுவது?

தக்காளி இலையைத் திருப்பிப் பார்த்த லிஃப்ட் மெக்கானிக் முகத்தைச் சுளித்தார். அடிப்பக்கம் முழுக்கக் குட்டிக் குட்டிப் பச்சைப் பூச்சிகள், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டம் போல நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன.

"மருந்து அடிங்கப்பா," என்றாள் பின்வாசலில் நின்ற மகள். பல் டாக்டரிடம் உதவியாளராக இருப்பவள். எதற்கும் உடனே மருந்து சொல்லிவிடுவாள்.

"சாப்பிடப் போறது நாமதானே?"

அம்மா இல்லாத வீட்டில் அப்பாவுக்கு ஒரு பொழுதுபோக்கு இருக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

மெக்கானிக் வேலைக்குப் போகிற வழியில், ஓர் இலையைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு செடிக்கடைக்குப் போனார். கடைக்காரம்மாவுக்கு அவர் வயதுதான் இருக்கும். கடைக்கு மேலேயே தங்கையோடு குடியிருந்தார். சிரித்தால் யாராவது பேரம் பேசிவிடுவார்களோ என்கிற முகம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இலையை உற்றுப் பார்த்தார்.

"மருந்தெல்லாம் வேண்டாம் சார். சில செடிக்குச் சில செடி துணை. தக்காளி பக்கத்துல புதினா நடுங்க. அந்த வாசனைக்குப் பூச்சி அண்டாது."

"தொட்டியிலயா, மண்ணுலயா?"

கடைக்காரம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மண்ணுலயே நடுங்க."

பூச்சி ஒழிந்தது. அந்த இடத்துக்குப் புதினா வந்தது. தக்காளியைச் சுற்றி வளைத்தது. பீன்ஸ் பந்தலுக்குள் நுழைந்தது. குழாயடி சிமெண்ட் விரிசலில்கூடத் தலைகாட்டியது. பிடுங்கப் பிடுங்க இன்னும் தெம்பாக வந்தது. வீணாகக் கூடாதே என்று மெக்கானிக் அதை டீயில் போட்டார், சூப்பில் போட்டார், மகளின் சாப்பாட்டு டப்பாவிலும் போட்டார்.

"பல்லைக் காட்ட வர்றவங்க எல்லாம் நான் என்ன பேஸ்ட்ல பல் தேய்க்கிறேன்னு கேக்குறாங்கப்பா. ஏதாவது பண்ணுங்க."

மறுபடியும் செடிக்கடை.

"சோம்பு நடுங்க சார். அது பக்கத்துல யாரையும் தலையெடுக்க விடாது. புதினா தானா அடங்கிடும்."

சோம்பு இடுப்பளவு வளர்ந்து காற்றில் ஒய்யாரமாக ஆடியது. புதினா அதைச் சட்டை செய்யவே இல்லை. தக்காளிதான் வளர்வதை நிறுத்திக்கொண்டது. பீன்ஸ் கொடி, பந்தலில் மறந்துபோய் விட்ட ஈரத்துணி மாதிரி தொங்கியது.

"பீன்ஸுக்குப் பக்கத்துல வெங்காயம் வைங்க," என்றார் கடைக்காரம்மா.

வெங்காயம் வைத்ததும் பீன்ஸ் இருந்த பூவையும் உதிர்த்தது.

"தேனீ வந்தாத்தான் பூ நிக்கும். சூரியகாந்தி வைங்க."

தேனீ வந்தது. பூ முற்றியதும், விதையைத் தின்ன ஒரு குருவிப் பட்டாளமும் வந்தது. வந்ததுதான் வந்தோம் என்று, தப்பிப் பிழைத்திருந்த நாலைந்து தக்காளியையும் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

சிக்கல் கூடக் கூட விளக்கமும் நீண்டது. நின்றுகொண்டே கேட்கக் கால் வலித்ததால் மெக்கானிக்குக் கடையில் ஒரு ஸ்டூல் கிடைத்தது. பிறகு டீயும் கிடைத்தது. தோட்டம் நாசமாகப் போய்க்கொண்டிருந்த அந்த நாட்களில், அவர் விசிலடித்துக்கொண்டே வேலைக்குப் போனார்.

"செடி வாங்கப் போறதுக்கு எதுக்குப்பா இஸ்திரி போட்ட சட்டை?" என்றாள் மகள்.

"மண்ணுக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?"

அன்று ஒரு கல்லூரிக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பேராசிரியர் தனியாக மாட்டிக்கொண்டிருந்தார்.

"பயப்படாதீங்க சார். ஏதாவது பேசிக்கிட்டே இருங்க," என்று கதவிடுக்கு வழியாகக் குரல் கொடுத்தார் மெக்கானிக். "என்ன பாடம் எடுக்கறீங்க?"

"தாவரவியல்."

அதற்குப் பிறகு மெக்கானிக்தான் பேசினார். புதினாவில் தொடங்கிக் குருவி வரைக்கும் சொன்னார். உள்ளே மாட்டிக்கொண்டவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"புதினாவை மண்ணுல விட்டா ஊரையே வளைச்சிடுமே. தொட்டியிலதான் வைக்கணும். சோம்பு பக்கத்துல எதுவும் தேறாது. பீன்ஸுக்கும் வெங்காயத்துக்கும் ஆகவே ஆகாது. யாருங்க சொன்னது இதெல்லாம்?"

"செடிக்கடையில. பாவம், தெரியாம சொல்லியிருப்பாங்க."

"ஒண்ணு தப்பாப் போனா தெரியாம சொன்னதுன்னு வச்சுக்கலாம். ஒண்ணு விடாம தப்பாச் சொல்லணும்னா, விஷயம் நல்லாத் தெரிஞ்சிருக்கணும்."

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பாத்தி போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அத்தனை டீயும் குடித்துக்கொண்டு, சொன்னதற்கெல்லாம் தலையாட்டினோமே என்பதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"சார்," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். "லிஃப்டைத் திறந்து விட்டுட்டுக் கோவப்படலாமே?"

திறந்துவிட்டு நேரே செடிக்கடைக்குப் போனார். கடைக்காரம்மா மண் லோடு ஏற்றிவரப் போயிருந்தார். தங்கை மட்டும் நாற்றுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க அக்காவுக்குச் செடியைப் பத்தி ஏதாவது தெரியுமா, தெரியாதா?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? எதுக்குப் பக்கத்துல எது வரும், எது வராதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க. இதுவரைக்கும் யாருக்கும் தப்பாப் போனதே இல்ல."

"எனக்குப் போச்சே. புதினா, சோம்பு, வெங்காயம், சூரியகாந்தி. சொன்னது அத்தனையும் தப்பு. மத்தவங்களுக்கெல்லாம் சரியாச் சொல்றவங்க எனக்கு மட்டும் ஏன் இப்படிச் சொல்லணும்?"

தங்கை பூவாளியைக் கீழே வைத்தாள். வாய்வரை வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

"செடி நல்லா வந்துட்டா அப்புறம் யாரும் கடைப்பக்கம் வர்றதில்ல சார். மத்தவங்க வராட்டா அக்காவுக்கு ஒண்ணும் இல்ல."