சுடுதண்ணி அண்ணன் விளாவிய கடல்

சிங்கப்பூரில் பச்சைத் தண்ணீரைப் பரம எதிரியாக நினைத்து வாழ்ந்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் சுடுதண்ணி அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

இந்த ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். நின்றால் வேர்க்கும், உட்கார்ந்தால் இன்னும் வேர்க்கும். ஐம்பதுகளில் மின்விசிறி என்பது ஆபீசில் மட்டும்தான், அதுவும் துரையின் தலைக்கு மேல்தான் சுற்றும். அப்படிப்பட்ட ஊரில் ஆவி பறக்கும் தண்ணீரைக் குடித்து, ஆவி பறக்கும் தண்ணீரிலேயே குளித்த மகானுபாவர் அவர். வெந்நீரில் ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பதமாக விளாவிக் குளிப்பதுதானே நம் வழக்கம்? அண்ணனிடம் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. "விளாவிக் குளிக்கிறதுக்கு எதுக்குய்யா காய வைக்கணும்? வெறகு என்ன சும்மாவா வருது?" என்று சண்டைக்கு வந்துவிடுவார்.

சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு பாய் டீக்கடை வைத்திருந்தார். கையை வானத்துக்கும் பூமிக்குமாக இழுத்து அவர் டீ ஆற்றுவதைப் பார்க்கவே ஆட்கள் நிற்பார்கள். அண்ணனும் நானும் போனால் அங்கே ரகளைதான்.

"பாய், ஆத்தாதீங்க! ஆத்தாதீங்க!"

"ஆத்தாம டீயா? இந்த ஆத்தலுக்குத்தான் கூட்டமே வருது லா!"

"கூட்டத்துக்கு ஆத்துங்க. எனக்கு அப்படியே ஊத்துங்க. நீங்க கையைத் தூக்கித் தூக்கிப் பாதிச் சூட்டைக் காத்துக்குக் குடுத்துடுறீங்க."

பாயின் முகம் சுண்டிப் போகும். அண்ணன் ஒரே மூச்சில் குடித்து முடித்து, "இன்னும் கொஞ்சம் சூடா இருந்திருக்கலாம்" என்பார். எனக்கு அதைப் பார்த்தே நாக்கு வெந்துவிடும்.

மேற்குக் கடலோரத்தில் இருந்த ஒரு மின்சார நிலையத்தில் எங்கள் இருவருக்கும் வேலை. நான் ஸ்டோர் கிராணி, அதாவது குமாஸ்தா. அண்ணன் பாய்லர் பக்கத்து மண்டோர், ஆட்களை வேலை வாங்குகிறவர். நிலையத்தில் கடல் தண்ணீரை உறிஞ்சி இயந்திரங்களைக் குளிர வைப்பார்கள். அதில் சூடேறிய தண்ணீர் ஒரு வாய்க்கால் வழியாக மறுபடியும் கடலுக்கே போகும். விறகில்லாமல், மண்ணெண்ணெய் இல்லாமல், ராப்பகலாக ஓடும் வெந்நீர்! அண்ணனுக்கு வேறென்ன வேண்டும்? மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும், ஊரே நிழல் தேடி ஓடும் உச்சி வெயிலில், அவர் மட்டும் துண்டோடு வாய்க்காலுக்கு ஓடுவார். கழுத்தளவில் அமிழ்ந்துகொண்டு, "முட்டி வலிக்கு இதை மிஞ்சின மருந்து கெடையாது. எறங்குங்க கிராணி!" என்று என்னையும் கூப்பிடுவார். எனக்கென்ன பைத்தியமா?

வாய்க்கால் கடலில் சேரும் இடத்தில் கழி நட்டு வலை கட்டியிருந்தார் பாக் மாட். அண்ணனைவிட மூத்த மலாய் மீனவர், எங்கள் ஆட்களோடு பழகித் தமிழும் பேசுவார். அண்ணன் குளிக்க, அவர் கரையில் உட்கார்ந்து வலையைச் சரி செய்ய, இருவரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். கதகதப்பைத் தேடி மடவை மீன் கூட்டமாக வரும். வலையும் நிறையும், அண்ணன் வீட்டுக் குழம்புச் சட்டியும் நிறையும்.

இந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டது, புதிதாக வந்திறங்கிய ஒரு பெரிய இயந்திரம். தண்ணீரும் அதிகமாக வந்தது, சூடும் ஏறியது. அதற்குப் பிறகு மாதத்தில் சில நாட்கள் விடியற்காலை பாக் மாட் வலையைத் தூக்கினால், உள்ளே எல்லாம் செத்த மீன்கள்.

"தம்பி, தண்ணி ரொம்பப் பனாஸ் லா. மீனு வெந்து சாவுது" என்றார் பாக் மாட்.

அண்ணனுக்கு வந்ததே கோபம்! பெற்ற பிள்ளையைத் திட்டியதுபோல் பொங்கிவிட்டார். "சுடுதண்ணியா? சுடுதண்ணி யாருக்குக் கெடுதல் பண்ணியிருக்கு? தெனம் நான் அதுலதான கெடக்குறேன், செத்தா போயிட்டேன்? உங்க மீனுக்கு வேற ஏதாச்சும் சீக்கு இருக்கும்!"

அன்றோடு பேச்சு நின்றது. குழம்புக்கு மீன் வருவதும் நின்றது. கொஞ்ச நாளில், பாக் மாட் வலையைச் சுருட்டிக்கொண்டு பெண்சாதி பிள்ளைகளோடு கேலாங் பக்கம் கூலி வேலைக்குப் போகப் போகிறார் என்று செய்தி வந்தது. "போகட்டுமே, எனக்கென்ன?" என்றார் அண்ணன். ஆனால் அன்றைக்கு அவருடைய டீ மேசையிலேயே ஆறிப் போனது. அப்படி ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்புறம் தீபாவளி வந்தது. அண்ணனுக்கு ஒரு யோசனையும் வந்தது. "எதுக்கு வீட்டுக்கு வீடு பொம்பளைங்க அடுப்பைக் கட்டிக்கிட்டு அழணும்? ஆம்பளைங்க எல்லாரும் வாய்க்காலுக்கு வாங்க. எண்ணெய்க் குளியலை அங்கயே முடிச்சுக்குவோம்!" நிலையத்து ஆட்களின் குடியிருப்பே கை தட்டியது.

தீபாவளி அமாவாசையை ஒட்டி வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அமாவாசைக் கடல் விடியற்காலையில் நன்றாக வற்றிவிடும் என்பதும் கடலோரத்தில் குடியிருந்த எங்களுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் எங்களில் ஒரு மண்டைகூட இல்லை. உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெய் வழிய, இடுப்பில் துண்டும் கையில் சீயக்காயுமாக வாய்க்கால் கரையில் வரிசையாக நின்றோம். அண்ணன் முருகா என்று முதலில் இறங்கினார்.

"ஐயோ! சுடுது!"

சுடுதண்ணி அண்ணன் வாயிலிருந்து அந்தச் சொல் வரும் என்று யார் நினைத்தார்கள்? கரைக்குத் தாவி ஏறியவரின் கால்கள் முட்டி வரை சிவந்திருந்தன. ஒருவரும் சிரிக்கவில்லை. வெளிச்சம் மெல்லப் பரவியபோது வாய்க்கால் முகம் தெரிந்தது. கடல் எங்கோ தூரத்தில் கிடந்தது. கலந்து ஆறக் கடலில்லாத வெந்நீர் வலையைச் சுற்றிக் குளமாகத் தேங்கி நிற்க, அதில் மடவை மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன.

பாக் மாட் கூடையோடு வந்தார். எண்ணெய் வழிய நின்ற எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "செலாமட் தீபாவளி" என்று சொல்லிவிட்டு, குனிந்து செத்த மீன்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"நான் குளிக்கிறப்போ இப்படி இல்லையே பாக் மாட்!" என்றார் அண்ணன்.

"நீ மத்தியானம் வர்றே தம்பி. அமாவாசை மத்தியானம் கடல் ஏறி வந்து உனக்கு விளாவி வச்சுடும்."

ஆயுசுக்கும் விளாவாமல் குளித்ததாக ஊரெல்லாம் பெருமையடித்தவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் வழிந்தது எண்ணெய் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். பிறகு எழுந்தார். ஒரு செத்த மீனை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு துரையின் பங்களாவை நோக்கி நடந்தார். எண்ணெயும் துண்டுமாக நாங்களும் பின்னால் போனோம்.

கதவைத் திறந்த துரை, பளபளவென்று மின்னும் கூட்டத்தைப் பார்த்து வெளுத்துப் போய், "ஸ்டிரைக்கா?" என்றார்.

"இல்ல துரை, குளியல்" என்றார் அண்ணன். "நீங்க விளாவாம ஊத்துறீங்க துரை. எங்க வீட்டுல பச்சைப் புள்ளைக்கு இப்படி ஊத்துனா ஊரே கூடி அடிக்க வரும். கிராணி, சொல்லுங்க!"

விளாவுதலுக்கு இங்கிலீஷில் நான் எங்கே போவேன்? கையாலும் காலாலும் ஏதோ செய்து காட்டினேன். கடல் பெரியது, சூடு தானாக அதில் ஆறிவிடும் என்றார் துரை.

"கடல் எங்க இருக்கு துரை? வந்து பாருங்க, போயிடுச்சு!"

நல்ல மனிதர், வந்தார். செருப்பைக் கழற்றி ஒரு பாதத்தை வைத்தார். அப்போது அவர் போட்ட சத்தத்தை யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

மீன்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: இன்னொரு பம்பு வைத்துப் பச்சைக் கடல் தண்ணீரை வாய்க்காலிலேயே கலக்கலாம். இந்தச் சூட்டுக்கு மேல் வெளியே விடக் கூடாது என்று ஒரு விதியும் போடலாம். ஆனால் பம்பு எப்போதும் ஓட வேண்டும், மத்தியானமும்தான். "அப்புறம் இவருக்கு வெந்நீர் கிடையாது. கேட்டுச் சொல்" என்றார்.

கேட்டேன். அண்ணன் வாய்க்காலைப் பார்த்தார், தன் முட்டியைத் தடவிக்கொண்டார், பாக் மாட் கூடையைப் பார்த்தார்.

"ஊத்தச் சொல்லுங்க கிராணி. என் வீட்டுல அடுப்பு இருக்கு. மீனு பாவம், எங்க போய் விளாவும்?"

பம்பு வந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை வேறு யாரிடம் கொடுப்பார்கள்? வாய்க்காலில் வைத்த வெப்பமானி கொஞ்சம் ஏறினாலும் போதும், "விளாவுங்கடா!" என்று அண்ணன் போடும் சத்தம் குடியிருப்பு வரை கேட்கும். சுருட்டிய வலையைப் பாக் மாட் மறுபடியும் கட்டினார். குழம்புக்கும் மீன் வந்தது. மத்தியான மணி அடித்தால் அண்ணன் அதே துண்டோடு ஓடுவார், இப்போது பாக் மாட் குடிசைக்கு. அங்கே பாக் மாட்டின் பெண்சாதி தகர டின்னில் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் காய வைத்திருப்பார். விளாவுவதற்குப் பக்கத்தில் ஒரு செம்பு பச்சைத் தண்ணீரும் வைப்பார். அண்ணன் கடைசி வரை அந்தச் செம்பைத் தொட்டதே கிடையாது.

அண்ணனும் போய்விட்டார், பாக் மாட்டும் போய்விட்டார். இப்போது ஈசூன் வீட்டில் ஒரு சுவிட்சைத் தட்டினால் வெந்நீர் கொட்டுகிறது. நானும் ஒழுங்காக விளாவித்தான் குளிக்கிறேன். தீபாவளி விடியற்காலையில் மட்டும் முதல் செம்பை விளாவாமல் அப்படியே தோளில் ஊற்றிக்கொண்டு, "ஐயோ, சுடுது!" என்று கத்துவேன்.

"என்னாங்க ஆச்சு?" என்று வெளியிலிருந்து என் மனைவி கேட்பாள்.

"ஒண்ணும் இல்லம்மா. அண்ணன் வந்துட்டுப் போறாரு."