திங்கட்கிழமைக்குள் ஒரு பொத்தான்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், என் மனைவி இருவரும் சுகம். உன் சுகத்தையும் அத்தானின் இடுப்பு வலியையும் அறிய ஆவல். நிற்க. உன் சலவைக் கடைச் செயலி முடிந்துவிட்டது.

நீ பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, என்னை நம்பி, ‘செயலியில் கூப்பிட்டால் வீட்டுக்கே வந்து துணி எடுப்போம்’ என்று வாசலில் பலகையும் மாட்டிவிட்டாய். திங்கட்கிழமை திறப்பு. தாமதத்துக்குக் காரணம் என் சோம்பேறித்தனம் என்று அத்தான் சொல்கிறாராம். அபாண்டம்.

நடந்ததைக் கேள். ‘வந்து எடுங்கள்’ என்ற பொத்தான் இரண்டு வகை ஃபோனிலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். நிறம், இடைவெளி, எழுத்தளவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஸ்டைலிங் லைப்ரரி என்று பிறர் எழுதிவைத்த நிரல் ஆயத்தமாகவே கிடைக்கிறது. ஒன்றைப் போட்டு முடித்த அன்றே பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்தான். எதையாவது புதிதாகப் பிடித்து வருவதால் அவனுக்கு ஆபீசில் பெயரே புதுசு. “இதையா இன்னும் வச்சிருக்கே? இதெல்லாம் இப்ப யாரு போடுறாங்க?” என்றான். என் மானமே போயிற்று. அலங்காரத்தைத் தனியாக எழுதக் கூடாதாம், பொத்தானுக்குப் பக்கத்திலேயே துண்டு துண்டுச் சொற்களாக எழுதுவதுதான் பாணியாம். மாற்றினேன். என் ஃபோனில் பொத்தான் முட்டை மாதிரி வந்தது, மனைவி ஃபோனில் திரையை விட்டே வெளியேறிவிட்டது. அதை இழுத்துவந்து உட்காரவைப்பதற்குள், செயலி ஓடும்போது அலங்கரிப்பதெல்லாம் பழசு, முன்கூட்டியே அலங்கரித்து அனுப்புவதுதான் இப்போது என்றான் புதுசு. அதற்கும் மாறினேன். பொத்தானின் நிழல் காணாமல் போனது. நிழல் வந்ததும் கறுப்புப் பின்னணித் திரையில் எழுத்தைக் காணவில்லை. என் மனைவி, “துணி துவைக்கவே இவ்வளவு நேரம் ஆகாதே” என்றாள். ரசனை இல்லாதவள்.

நேற்று, அக்கா, இரண்டு ஃபோன்களையும் சாப்பாட்டு மேசையில் அக்கம்பக்கமாக வைத்தேன். ஒரே நீலம், ஒரே நிழல், விளிம்பில் ஒரே வளைவு. சந்தோஷம் தாங்காமல் நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தேன். அங்கிருந்தும் அழகுதான். இனி எந்த லைப்ரரி வந்தாலும் தொடமாட்டேன், உன் மேல் சத்தியம். தைரியமாகக் கடையைத் திற.

அத்தானுக்கு என் வணக்கம். அவரை மன்னித்துவிட்டேன். உன் கடையில் அழுக்குத் துணி மலையாகக் குவிய வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் அருமைத் தம்பி

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது என் மனைவி பொத்தானை அமுக்கிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. நானும் அமுக்கினேன். அமுக்கினால் என்ன நடக்க வேண்டும் என்பதை நான் இன்னும் எழுதவே இல்லை, அக்கா. திங்கட்கிழமை வருகிறவர்களிடம் பொத்தானைப் பார்க்க மட்டும் சொல், அமுக்க விடாதே.