நாலாம் மாடிக்கு நான் கொடுத்த பிரிந்துபோகும் உரிமை

சட்டத்தை முழுதாகப் படித்தவர்களால் நாட்டுக்குப் பெரிய ஆபத்தில்லை. பாதி படித்தவர்களைத்தான் கட்டிப்போட்டு வைக்க வேண்டும். யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் என்னை யாரும் கட்டிப்போடவில்லை.

அக்கா, அத்தான் வீட்டில் தங்கிச் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் நாலு மாடிக் கட்டடம், கீழ்த்தளத்தில் நாங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த சனத்தால் ஒவ்வொரு மாடியும் நிரம்பி வழிந்தது. தண்ணீருக்கு மொட்டைமாடியில் ஒரேயொரு தாங்கி, கீழே ஒரேயொரு மோட்டர். நாங்கள் குழாயைத் திறந்தால் நாலாம் மாடிக்குக் காற்றுத்தான் போகும். அங்கிருந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் செல்லத்துரை அங்கிள் ஒருநாள் தலை நிறையச் சவர்க்கார நுரையோடும் இடுப்பில் துவாயோடும் இறங்கி வந்து கத்தியதும், எல்லா வீட்டாரும் கூட்டம் போட்டார்கள்.

நான் எழும்பினேன். "உங்களுக்குத் தேவை சமஷ்டி!"

"என்ன பிள்ளை, நாங்கள் தண்ணியைப் பற்றியெல்லே கதைக்கிறம்," என்றார் செல்லத்துரை அங்கிள்.

"அதுக்கும் அதுதான் அங்கிள் தீர்வு."

இரண்டே நாளில் கூட்டாட்சிக்கான அரசியல் யாப்பு தயார். (நாடுகள் ஆண்டுக்கணக்கில் இழுக்கிற வேலை.) ஒவ்வொரு மாடியும் ஒரு மாநிலம், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளுநர். குழாய்கள் மாநில அதிகாரம். மோட்டர் மத்திய அரசு, அதாவது அத்தான். சுவிட்ச் எங்கள் வாசலில்தான் இருந்தது. அப்போது நிர்வாகச் சட்டம் படித்த சூடு. பாதிக்கப்படுபவரின் பக்கத்தைக் கேளாமல் அதிகாரி எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்ற இயற்கை நீதி என் தலைக்கேறியிருந்தது. ஆகவே, எல்லா ஆளுநர்களையும் கேளாமல் மத்திய அரசு மோட்டரை நிறுத்தக் கூடாது என்று ஒரு பிரிவு. செல்லத்துரை அங்கிள் அப்போதும் மசியவில்லை. அவரைச் சமாளிக்கக் கடைசிப் பிரிவு: தண்ணீர் கிடைக்காவிட்டால் நாலாம் மாடி பிரிந்துபோகலாம். சொந்தத் தாங்கி வைத்துக்கொள்ளலாம் என்பதைத்தான் அவ்வளவு கம்பீரமாக எழுதியிருந்தேன். கட்டடச் சொந்தக்காரர் சிங்களவர் என்பதால் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்து சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

முதல்நாள் காலை அத்தான் மோட்டரைப் போட்டார். தாங்கி நிரம்பியது. பிறகு வழிந்தது. படிக்கட்டில் தண்ணீர் குதித்து இறங்க, அத்தான் சுவிட்சை நோக்கி ஓடினார். நான் குறுக்கே நின்றேன்.

"அத்தான், ஆளுநர்மாரைக் கேக்காமல் நிப்பாட்ட ஏலாது!"

"உனக்கென்ன விசரே? வீடு மிதக்குது!"

"ரெண்டாம் மாடி ஆளுநர் டொய்லெட்டில. வரட்டும்."

வந்தது பொலிஸ். வீடு வீடாக அடையாள அட்டை பார்க்கும் சோதனை. சப்பாத்து முழுக்க நனைந்த இன்ஸ்பெக்டர், எந்த ஆளுநரையும் கேளாமல் ஒரு விரலால் மோட்டரை நிறுத்தினார். நிறுத்திய கையோடு சுவரைப் பார்த்து, "மே மொகத?" என்றார். இது என்ன என்று கேட்டவர் தானே ஆங்கிலத்தில் வாசிக்கவும் தொடங்கினார். மாநிலம். ஆளுநர். பிரிந்துபோகும் உரிமை. முகம் மாறிக்கொண்டே போனது.

"யார் இந்தக் கவர்னர்?"

செல்லத்துரை அங்கிள் நெஞ்சை நிமிர்த்தினார். "ஃபோர்த் ஸ்டேட் கவர்னர், சேர். நான்தான்."

அந்த மனிதரைக் காப்பாற்ற நான் முன்னால் வந்தேன். "நான்தான் எழுதினேன். என் பக்கத்தைக் கேளாமல் நீங்கள் முடிவெடுக்க முடியாது," என்றேன், திருத்தமான ஆங்கிலத்தில்.

"கேட்கத்தான் கூட்டிப் போகிறேன், நங்கி," என்றார் அவர், சொந்தத் தங்கையை அழைப்பதுபோல். "ஜீப்பில் ஏறுங்கள்."

ஏறினேன். அந்த நாட்களில் அப்படிக் கொண்டுபோகப்பட்ட எல்லோரும் திரும்பி வந்ததில்லை.

இதற்கிடையில் செல்லத்துரை அங்கிள், கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடமொன்றில் படிப்பித்த அக்காவுக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்: "தங்கச்சியைப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போட்டுது, பிள்ளை. நாலாம் மாடி விசயம்." அன்றைய கொழும்பில் தமிழருக்கு 'நாலாம் மாடி' என்றால் ஒரே இடம்தான்: பயங்கரவாத விசாரணைக்குக் கொண்டுபோகிற இடம். அக்கா அங்கேயே மயங்கி விழுந்தாளாம்.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு பிரிவாக விளக்கம் கேட்டார். கடைசிப் பிரிவுக்கு வந்ததும் பேனாவை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

"பிரிந்து போய் என்ன செய்வார்கள்?"

"குளிப்பார்கள், சேர்."

பேனாவைக் கீழே வைத்தார். தோள் குலுங்கியது. பிறகு மேசையில் கவிழ்ந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குத் தேத்தண்ணி சொன்னார்.

நான் அதைக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் மயக்கம் தெளிந்த அக்கா, இடத்தை விசாரித்துக்கொண்டு, மூன்று ரீச்சர்மாருடன் அழுதபடி ஓடிவந்தாள். என்னைக் கண்டாள். கோப்பையைக் கண்டாள். கன்னத்தில் ஒன்று விட்டாள். என் பக்கத்தை அவள் கேட்கவேயில்லை.

அன்றே சமஷ்டி கலைந்தது; அத்தானின் ஒற்றையாட்சியில் நாலாம் மாடிக்கும் எப்படியோ தண்ணீர் போனது. இன்று நான் அரச அதிகாரிகளுக்கு எதிராக வழக்காடி, பெரும்பாலும் வெல்கிறேன். ஆனாலும் உறவுக்காரர் யாராவது என்னிடம் சட்ட ஆலோசனை கேட்டால், அத்தான் உள்ளறையிலிருந்து குரல் கொடுப்பார்:

"அவள் கதைக்கட்டும். எழுத மட்டும் விடாதேங்கோ!"