மீட்டர் அக்காவின் வட்டம்

மீட்டர் அக்காவின் கையில் எதைக் கொடுத்தாலும் அது சிலம்பக் கம்பாகிவிடும். விளக்குமாறு, சுருட்டிய பாய், ஒருமுறை முதலாளியின் ஊன்றுகோல்.

தொண்ணூறுகளில், யுத்தக் காலத்தில், இலங்கையின் பதுளையில் ஒரு துணிக்கடையில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். அக்காவுக்கு முப்பது வயது. உயரம் நாலரை அடி. துணி அளக்கும் மீட்டர் கம்பைக் கையில் எடுத்தால் மட்டும் ஆறடி. அவருடைய அப்பா தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவில் சிலம்பம் சுற்றியவராம்.

"கம்பையே வச்சுக்கலாமே அக்கா?" என்று கேட்டேன்.

"கம்போட பஸ்ல ஏறுனா செக் பொயின்ட்ல ஆமிக்காரங்க எறக்கிருவாங்க புள்ள. நான் ஏறமாட்டேம்பா. குடையை எவன் கேப்பான்? அதான் எல்லாச் சாமானையும் பழக்கி வச்சிருக்கேன்."

பழக்கியதன் பலனாக, ஒரு நாள் சட்டைத்துணி அளந்தபடியே ஒரு வீச்சு வீசினார். சேலை கட்டி நின்ற பொம்மையின் தலை உருண்டு வாசல்வரை போனது.

"இது கடையா, திருவிழாவா?" என்று கத்தினார் முதலாளி.

"பொம்மதானுங்களே முதலாளி. உசுரோட இருந்தா குனிஞ்சிருக்கும்."

எனக்கு அப்போது சிரிக்கவும் தெம்பில்லை. மாலை வீடு திரும்பும் லுணுகலை பஸ்ஸில் ஓர் ஆள் தினமும் என்மேல் வந்து சாய்வான். எனக்கு வாயே வராது. வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று அக்காவிடம் மட்டும் சொன்னேன்.

அன்றே துணிமூட்டைகளுக்கு நடுவில் என் கையில் குடையைத் திணித்தார்.

"குத்து புள்ள!"

குத்தினேன். "மன்னிச்சுக்குங்க அக்கா" என்றேன். பத்துக் குத்து, பத்து மன்னிப்பு.

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். "ஒனக்கு அடி வராது. வட்டம் போதும். கம்பு சுத்துற வட்டத்துக்குள்ள எவனும் வரமாட்டான். குடையை விரிச்சா அதுவும் வட்டந்தான்."

அன்று மாலை அவன் சாய்ந்தான். பொத்தானை அழுத்தினேன். 'டப்' என்று குடை விரிந்தது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"என்னா தங்கச்சி, பஸ்ஸு ஒழுகுதா?" என்றார் கண்டக்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். எங்கிருந்து வந்ததோ என் குரல்! "ஒழுகலங்க. இந்தாளு தெனமும் மேல வந்து சாயுறாரு."

அடுத்த தரிப்பிடத்தில் அவனை இறக்கிவிட்டார்கள். பிறகு அவன் அந்த பஸ்ஸில் ஏறவே இல்லை. நானும் வேலையை விடவில்லை.

மறுநாள் காலை ஓடிப்போய் அக்காவிடம் சொல்லத் தொடங்கினேன். "குடையை விரிச்சேன் அக்கா, எல்லாரும் பாத்தாங்க..."

"பஸ்ஸு ஒழுகுதான்னு கேட்டான் பாரு, அந்த கண்டக்டருக்கு நல்ல வாயி!" என்று சிரித்தார் அக்கா.

கண்டக்டர் கேட்டதை நான் இன்னும் சொல்லியிருக்கவே இல்லை.

அக்காவின் வீடு வெலிமடைப் பக்கம், எங்கள் பஸ்ஸுக்கு நேர் எதிர்த் திசை. உள்ளே முதலாளி மீட்டர் கம்பைக் காணோம் என்று கத்திக்கொண்டிருந்தார். அக்கா கையோடு கொண்டுவந்த ஒரு பழைய சேலைச் சுருளைப் பிரித்து, கம்பை வெளியே எடுத்து, மேசைமேல் ஓசைப்படாமல் வைத்தார்.

கூட்டத்தில் நின்றால் தெரியாத உயரம் அவருக்கு. இப்போதும் பஸ் ஏறினால், பின்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்த பிறகுதான் உட்காருகிறேன்.